நாமகிரிப்பேட்டையில் என் பை எனக்கு முன்னால் கிளம்பியது

எட்டு மாதம் ஊர் சுற்றியவர்கள் கடைசி வாரத்தில் பொதுவாக என்ன செய்வார்கள்? வாங்காமல் விட்டதை எல்லாம் வாங்குவார்கள், பெட்டியின் எடையைப் பார்த்துப் பயந்து பாதியைத் திருப்பி எடுத்து வைப்பார்கள். நான் தங்கிய வீடுகளுக்கு இன்னொரு முறை போய் நேரில் சொல்லிக்கொண்டு வரலாம் என்று கிளம்பினேன். பங்குனி வெயில், முதுகில் ஒரு பெரிய பை, வியாழக்கிழமை மாலை ஆறு மணிக்குத் திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு விமானம். விசா சனிக்கிழமையோடு முடிகிறது. கையில் இருந்த அவகாசம் அவ்வளவுதான்.

புதிதாக வந்தவர்களுக்கு ஓர் அறிமுகம். என் பெயர் மாலா, சொந்த ஊர் மலேசியாவில் தைப்பிங். பினாங்கில் பார்த்த கணக்கு வேலையை விட்டுவிட்டு இந்தோனேசியா, இலங்கை, கேரளம் என்று அலைந்து, கடைசி இரண்டு மாதங்களைச் சேலம், நாமக்கல் பக்கம் கழித்தேன். விடுதிகளில் தங்குவதில்லை. பயணிகளை வீட்டில் தங்கவைத்துக்கொள்ளும் குடும்பங்களின் இணையக் குழு ஒன்று இருக்கிறது, அதன் வழியாக. மூன்று வேளைச் சாப்பாடும் கிடைக்கும், மூன்று தலைமுறைக் குடும்பக் கதையும் கிடைக்கும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். விடைபெறுவதில் நான் கெட்டிக்காரி இல்லை. யாராவது கண் கலங்கினால் எனக்கு எரிச்சல் வரும். என் கண் கலங்கினால் அதைவிட அதிகமாக வரும். அதனால்தான் இந்தக் கடைசிச் சுற்றை ரயில்வே அட்டவணை போலத் திட்டமிட்டேன். மேட்டூரில் ஒரு நாள், நாமகிரிப்பேட்டையில் இரண்டு நாள், கிளம்பு, முடிந்தது.

சேலத்திலிருந்து மேட்டூர் ஐம்பது கிலோமீட்டர். பேருந்தில் ஒன்றரை மணி நேரம், நான் கொடுத்தது நாற்பது ரூபாய். அங்கே நான் தங்கியது ஜெயந்தி வீட்டில். கணவர் அனல் மின் நிலையத்தில் வேலை பார்க்கிறார். குடியிருப்பில் வரிசையாக ஒரே மாதிரி வீடுகள். முதல் தடவை வந்தபோது இரண்டு முறை பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறேன்.

ஜெயந்தி அழுவார் என்று பயந்துகொண்டே போனேன். நடந்தது வேறு. மதியம் அணை மீன் குழம்பு, மாலையில் பூங்காவில் ஒரு நடை, மறுநாள் காலை ஏழு மணிக்கு வாசலில் நின்று, "பாத்துப் போங்க, போய்ச் சேர்ந்ததும் மெசேஜ் போடுங்க," என்றார். அவ்வளவுதான். கையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். எனக்கே கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது. பேருந்தில் உட்கார்ந்து யோசித்தபோதுதான் புரிந்தது. வருடா வருடம் யாராவது மாற்றலாகிப் போய்க்கொண்டே இருக்கும் இடம் அது. லாரியில் சாமான் ஏற்றுவதைப் பார்த்தே வளர்ந்த பிள்ளைகள், வழியனுப்பிப் பழகிய பெரியவர்கள். பையைத் திறந்தால் வறுத்த மீன் ஒரு பொட்டலம் இருந்தது. அதை எப்போது வைத்தார் என்று தெரியவில்லை.

திரும்பச் சேலம் வந்து ராசிபுரம் பேருந்து ஏறினேன். இருபத்தாறு கிலோமீட்டர், முக்கால் மணி நேரம். தனியார் பேருந்து என்றால் பாட்டுச் சத்தத்துக்குத் தயாராக இருங்கள். ராசிபுரத்திலிருந்து நாமகிரிப்பேட்டை பத்து கிலோமீட்டர்தான். அரசு டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. "மலேசியாக்காரிக்கும் இலவசமாங்க?" என்று நடத்துநரைக் கேட்டேன். "பொம்பளைங்கன்னா சும்மாதானுங்க. மலேசியாவுல பொம்பளைங்க வேற மாதிரியா இருப்பாங்க?" என்று சீட்டைக் கிழித்துக் கையில் கொடுத்தார். பஸ் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன், வேறு வழியில்லை.

ஊரை நெருங்கும்போதே மஞ்சள் வேகும் வாசம் வந்துவிடும். அறுவடைக் காலத்தில் வேகவைத்த மஞ்சளைக் களத்தில் கொட்டிக் காயவிடுகிறார்கள். சாலையோரம், வாசல், மொட்டை மாடி, எங்கே சமதளம் இருக்கிறதோ அங்கே மஞ்சள். என் வெள்ளைக் காலுறைகள் முதல் வாரத்திலேயே நிறம் மாறிவிட்டன. இந்தப் பக்கம் வருகிறவர்கள் வெள்ளை உடை கொண்டுவர வேண்டாம்.

நான் தங்கிய வீடு சரசக்காவுடையது. ஐம்பதை நெருங்கும் வயது, கணவர் முத்துசாமி மஞ்சள் விவசாயி. ஒரே மகள் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறாள். அவள்தான் அம்மா பகலெல்லாம் தனியாக இருக்கிறாரே என்று இணையக் குழுவில் இந்த வீட்டைச் சேர்த்துவிட்டவள். அவள் அறைதான் எனக்கு. "அவ ரூமுல படுத்துக்க, அவ தட்டுலயே சாப்புடு, அவளுக்குத் திட்டற திட்டையும் நீயே வாங்கிக்க," என்பார் சரசக்கா. வாங்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு முன்னால் ஒரு பெரிய களம். களத்தின் அந்தப் பக்கம், சரியாகத் தெற்கே, இன்னொரு வீடு. முத்துசாமி அண்ணனின் கூடப் பிறந்த மூத்தவர் தங்கராசு, அவர் மனைவி ராஜாமணி. களம் இருவருக்கும் பொது, மோட்டார் ரூம் பொது, கிணறு பொது. பேச்சு மட்டும் கிடையாது, இரண்டு வருடமாக.

காரணத்தை வந்த மூன்றாம் நாளே சரசக்கா சொல்லிவிட்டார். இதே போல ஒரு பங்குனி மாலை. களத்தில் இரண்டு வீட்டு மஞ்சளும் தனித்தனியாகக் காய்ந்துகொண்டிருந்தது. பெரிய வீட்டார், அதாவது தங்கராசு குடும்பம், சொந்தத்தில் ஒரு சாவுக்குப் போயிருந்தார்கள். முத்துசாமி அண்ணன் காட்டில், வயல் வேலையில். வானம் திடீரென்று கறுத்தது. சரசக்கா தார்ப்பாயை இழுத்துத் தன் மஞ்சளை மூடி முடிப்பதற்குள் மழை ஊற்றிவிட்டது. அந்தப் பக்கத்து மஞ்சள் முழுக்க நனைந்து வீணாகிவிட்டது. "நான் ஒருத்தி. ரண்டே கையி. எதைன்னு மூடறது சொல்லு?" என்று என்னையே கேட்பார், நான் என்னவோ நீதிபதி மாதிரி.

அது முடிந்துபோன பழைய சண்டையாக இருந்திருந்தால் நான் இங்கே எழுதியிருக்க மாட்டேன். சித்திரை பிறந்ததும் பெரிய வீட்டு மகன் குமாருக்குக் கல்யாணம். சரசக்கா குளிக்க ஊற்றி, சோறு ஊட்டி வளர்த்த பிள்ளை. பத்திரிகை அச்சாகி வந்து ஊரெல்லாம் வைத்துக்கொண்டிருந்தார்கள். களத்துக்கு இந்தப் பக்கம் மட்டும் யாரும் வரவில்லை. சரசக்கா ஒன்றும் சொல்ல மாட்டார். அந்த வீட்டுக் கதவு திறக்கும் சத்தம் கேட்டால் மட்டும் கையில் இருக்கும் வேலை நின்றுவிடும். கூப்பிடுவார்களா, மாட்டார்களா என்பதைத் தவிர அந்த வீட்டில் அந்த மாதம் வேறு நினைப்பே இல்லை. கடைசிச் சுற்றுக்காக நான் திரும்பி வந்த செவ்வாய்க்கிழமையும் நிலைமை அப்படியேதான் இருந்தது.

அன்று சாயங்காலம் நான் வியாழக்கிழமை காலை கிளம்புகிறேன் என்று சொன்னதும் சரசக்கா நேராகச் சுவரில் இருந்த தினசரிக் காலண்டரிடம் போனார். தாள்களைப் புரட்டினார். முகம் மாறியது.

"வியாழக்கெழமை தெக்க சூலமுங்க சாமி. திருச்சி தெக்காலதானே இருக்குது?"

சாமி என்பது நான்தான், இங்கே செல்லமாக அப்படித்தான் கூப்பிடுவார்கள். சூலம் தெரியாதவர்களுக்கு: ஒவ்வொரு கிழமைக்கும் ஒரு திசை ஆகாது, அந்தத் திசையில் பயணம் கிளம்பக் கூடாது. காலண்டரிலேயே பரிகாரமும் போட்டிருக்கும். வியாழனுக்குத் தைலம். நான் எட்டிப் படித்துவிட்டு, "தலைக்குக் கொஞ்சம் எண்ணெய் வெச்சிக்கிட்டா போதும்னு போட்டிருக்கேக்கா," என்றேன்.

"அது நாமக்கல்லுக்குப் போறவங்களுக்கு. கடல் தாண்டிப் போறவளுக்கு எண்ணெய் எப்படிப் பத்தும்?"

"பஸ் முதல்ல மேற்கே ராசிபுரத்துக்குத்தானே போகுது."

"பஸ்ஸா மலேசியாவுக்குப் போவுது? நீதானே போறே?"

இதற்கு மேல் வாதாட எனக்குத் தெம்பில்லை. "சரிக்கா, புதன்கிழமையே கிளம்பித் திருச்சியில ஒரு ராத்திரி ரூம் போட்டுக்கறேன்லா," என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. "எங்க ஊடு இருக்கறப்ப லாட்ஜுலயா படுப்பே?" என்று ஆரம்பித்தவர், இரவுச் சாப்பாடு வரை என்னோடு பேசவில்லை. சாப்பாடு மட்டும் வழக்கத்தைவிட ஒரு கரண்டி அதிகமாகவே விழுந்தது.

சாப்பிட்டு முடித்ததும் முத்துசாமி அண்ணன்தான் வழி சொன்னார். "பரஸ்தானம் வெச்சுப்போடலாமுங்க." நல்ல நாளில் கிளம்ப முடியாதவர்கள், பயணச் சாமானில் ஒன்றை நல்ல நேரத்தில் எடுத்துக்கொண்டுபோய், போகிற திசையில் இருக்கும் வேறொருவர் வீட்டில் வைத்துவிடுவார்கள். பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. ஆள் வீட்டுக்குத் திரும்பி வரலாம், சாமான் திரும்பி வரக் கூடாது. மறுநாள் கிளம்பும்போது அங்கிருந்தே எடுத்துக்கொள்ள வேண்டும். புதன்கிழமை பத்தரையிலிருந்து பதினொன்றரைக்குள் என் பெரிய பை தெற்கே போயாக வேண்டும் என்று முடிவானது.

தெற்கே என்றால் யார் வீட்டுக்கு? மூவரும் ஒரே நேரத்தில் வாசல் வழியே களத்தின் அந்தப் பக்கம் பார்த்தோம்.

"வேற ஊடு ஏதும் இல்லீங்களே," என்றார் சரசக்கா, காலண்டரைப் பார்த்தபடி. "மாலா தானே வெக்கப்போறா. நமக்கென்ன வந்துது." முத்துசாமி அண்ணன் சரசக்காவை ஒரு தடவை பார்த்தார். பிறகு கை கழுவ எழுந்து போய்விட்டார்.

புதன்கிழமை நான் பையைத் தூக்கிக்கொண்டு களத்தைத் தாண்டினேன். இரண்டு மஞ்சள் குவியலுக்கும் நடுவே ஒற்றையடிப் பாதை. முதுகில் சரசக்காவின் பார்வை குத்திக்கொண்டே வந்தது. ராஜாமணியக்கா வாசலிலேயே நின்றிருந்தார். நல்ல உயரம், சத்தமான குரல். அதுவரை நாங்கள் இருவரும் தூரத்திலிருந்து சிரித்ததோடு சரி. விஷயத்தைச் சொன்னேன்.

"வாங்க சாமி, உள்ள வாங்க. அவளா அனுப்பிச்சா?"

"தெற்கே இந்த ஒரு வீடுதான் இருக்குன்னு சொன்னாங்க."

ராஜாமணியக்கா வாய்விட்டுச் சிரித்தார். ஏன் என்று அப்போது புரியவில்லை. பையை வாங்கிச் சாமி படத்துக்குக் கீழே பலகை போட்டு வைத்தார். ஒரு சொம்பு மோர் கொடுத்தார். நான் குடித்து முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, கேட்காமலேயே பேச ஆரம்பித்தார்.

"மஞ்சள் போனாப் போவுதுங்க. அடுத்த வருசம் வெளையும். ஒருத்தியா அவ என்ன பண்ணுவா, அது எனக்குத் தெரியாதா? அன்னிக்கு ராத்திரி சாவு ஊட்ல இருந்து வந்து எறங்கறோம். களமெல்லாம் தண்ணி. அவ வந்து, 'அக்கா, இப்படி நனஞ்சு போச்சு'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முடிஞ்சுது. வெளக்கை அணைச்சுப்போட்டுப் படுத்துக்கிட்டா. அதுதானுங்க எனக்கு ஆறவே இல்லை."

இரண்டு மாதம் ஒரு பக்கத்துக் கதையை மட்டும் கேட்டவளுக்கு மறுபக்கம் ஒரு சொம்பு மோரில் கிடைத்துவிட்டது. "எப்பங்க கெளம்பறீங்க?" என்று கேட்டார். "நாளைக்குச் சாயங்காலம் பிளைட்," என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தேன். சரசக்கா என்ன நடந்தது என்று கேட்கவே இல்லை. மோர் கொடுத்தாரா என்று மட்டும் கேட்டார். கொடுத்தார் என்றதும், "நல்லாத்தான் இருக்கும். பெருங்காயம் போட்டுத் தாளிப்பாங்க," என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போனார். மோரைப் பற்றிச் சரசக்காவிடம் சொன்ன நான், ராஜாமணியக்கா சொன்ன மற்றதைச் சொல்லவில்லை. அது நான் தூக்கிக்கொண்டுபோக வேண்டிய சாமான் இல்லை என்று பட்டது.

வியாழக்கிழமை காலை. தலையில் எண்ணெயும் வைத்துவிட்டார்கள், பரஸ்தானத்தோடு பரிகாரமும் இருக்கட்டும் என்று. முத்துசாமி அண்ணன் மஞ்சள் ஏற்றிக்கொண்டு ஈரோட்டுக்குப் போகிறவர், விடியும்போதே சொல்லிக்கொண்டு போய்விட்டார். பத்து மணி டவுன் பஸ் பிடித்தால் ராசிபுரம், நாமக்கல், திருச்சி என்று மூன்று பஸ் மாறி மூன்று மணிக்குள் விமான நிலையம். ஒன்பதரைக்குப் பையை எடுக்கக் களத்தைத் தாண்டினேன்.

வீடு பூட்டியிருந்தது.

தட்டினேன், சுற்றி வந்தேன், கூப்பிட்டுப் பார்த்தேன். பக்கத்துக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்த பெண், "ராசிபுரத்துக்குச் சேலை எடுக்கப் போயிருக்கறாங்க, மதியம்தான் வருவாங்க. அவிங்க ஊட்டுக்காரரும் பையனும் ஆத்தூர்ப் பக்கம் பத்திரிகை வெக்கப் போயிட்டாங்க," என்றார். சாயங்கால விமானம் என்று நான் சொன்னதை வைத்து, மதியத்துக்குப் பிறகுதான் கிளம்புவேன் என்று ராஜாமணியக்கா நினைத்திருக்கிறார். நியாயமான கணக்கு. அநியாயம் என்னுடையது: பாஸ்போர்ட் அந்தப் பைக்குள் இருந்தது. எட்டு மாதம் இடுப்பிலேயே கட்டிக்கொண்டு திரிந்ததை, பயணச் சாமான் என்றால் முக்கியமானது ஒன்று இருக்க வேண்டும் என்று சரசக்கா சொன்னதற்காகப் பையில் போட்டிருந்தேன்.

ஓடிவந்து சொன்னேன். முத்துசாமி அண்ணனுக்குப் போன் அடித்தால் எடுக்கவில்லை. ராஜாமணியக்காவின் எண் என்னிடம் இல்லை. சரசக்காவின் போனிலும் இல்லை, இரண்டு வருடத்துக்கு முன்பே அழித்துவிட்டார்.

சரசக்கா போனைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். எனக்கு மணி ஓடிக்கொண்டிருந்தது. அவர் உள்ளங்கையைச் சேலையில் துடைத்தார். பிறகு எந்தக் காகிதத்தையும் பார்க்காமல் பத்து எண்ணையும் அழுத்தினார். பதற்றத்தில் ஸ்பீக்கரும் சேர்ந்து அழுந்திவிட்டது.

"அலோ, ஆருங்க?"

நான் அவர் முழங்கையைத் தொட்டேன்.

"நாந்தானுங்க அக்கா. சரசு."

அந்தப் பக்கம், சேலைக் கடையை ஒட்டி ஓடும் தறிச் சத்தம். பிறகு, பயந்த குரலில், "ஏஞ் சரசு, ஊட்ல ஆருக்காச்சும் ஒடம்பு கிடம்பு முடியலையா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்கக்கா. மாலா பை உங்க ஊட்டுக்குள்ள மாட்டிக்கிச்சு. பாஸ்போர்ட்டு அதுலதான் இருக்குதாம். பத்து மணி பஸ்ஸுக்குப் போவோணும்."

"அட கடவுளே. சாவி எங்க இருக்கும்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியுமுங்க."

"தெரிஞ்சுமா நின்னுக்கிட்டிருக்கறே? எடுத்துத் தொறக்க வேண்டியதுதானே."

"உங்களை ஒரு வார்த்தை கேக்காம எப்படிங்கக்கா?"

மறுபடியும் தறிச் சத்தம். இந்த முறை இன்னும் நீளமாக. நான் மணியைப் பார்ப்பதை நிறுத்திவிட்டேன்.

"கேட்டுட்டே இல்ல," என்றார் ராஜாமணியக்கா. குரல் கொஞ்சம் உடைந்திருந்தது. "தொற. பையை எடுத்துக் குடு. குடுத்துப்போட்டு நீயும் அந்தப் பஸ்ஸுலயே ஏறி வா. மொகூர்த்தச் சேலை எடுக்க வந்துபோட்டு ஒருத்தியா முழிச்சுக்கிட்டு உக்காந்திருக்கறேன்."

"நானுங்களா?"

"பின்னே? குமாருக்குச் சின்னம்மா வேற ஆரு இருக்கறா? பஸ்ஸை உட்டுறாதே, பஸ் ஸ்டாண்டுக்கே வாரேன்."

சரசக்கா நேராக மோட்டார் ரூமுக்குப் போனார். மீட்டர் பெட்டி மேலே கையை நீட்டினார், சாவி வந்தது. இரண்டு வருடமும் அது அங்கேதான் இருந்திருக்கிறது. தினமும் மோட்டார் போட அதே அறைக்குள் அவர் போய் வந்திருக்கிறார். கதவைத் திறந்து உள்ளே போனவர் பையை எடுத்துக்கொண்டு உடனே வரவில்லை. எட்டிப் பார்த்தேன். தண்ணீர்க் குடத்தின் மூடி விலகியிருந்திருக்கிறது, அதைச் சரியாக மூடிக்கொண்டிருந்தார். முகமெல்லாம் கண்ணீர். எனக்கு எரிச்சல் வரவில்லை. நானும் அழுதேன், ஒளிக்கவும் இல்லை. பிறகு இருவரும் ஓடினோம். சரசக்கா சேலைகூட மாற்றவில்லை, செருப்பு மட்டும் வெளியூர் போகிற செருப்பு.

பஸ்ஸில் உட்கார்ந்து மூச்சு வாங்கி முடித்ததும் ஒரு சந்தேகம் கேட்டேன். காலையில் பூட்டிய வீட்டைச் சுற்றி வந்தபோதுதான் கவனித்தேன். பெரிய வீட்டுக்கு அந்தப் பக்கம், பால் சொசைட்டிக்காரர் வீடு ஒன்று இருக்கிறது. திறந்த கதவு, வாசலில் ஆட்கள். "அக்கா, அந்த வீடும் தெற்கேதானே?"

சரசக்கா ஜன்னல் வழியே போதமலையைப் பார்த்தார். "அது தென்கெழக்குங்க சாமி," என்றார்.

ராசிபுரம் பேருந்து நிலையத்தில் நாமக்கல் பஸ்ஸுக்குக் கால் மணி நேரம் இருந்தது. அந்தக் கால் மணியில், இதே போல நெடும்பயணம் முடித்துத் தங்கிய வீடுகளுக்குச் சொல்லிக்கொள்ளப் போகிறவர்களுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன். ராசிபுரத்திலிருந்து நாமக்கல் ஏறக்குறைய இருபத்தேழு கிலோமீட்டர், அங்கிருந்து திருச்சி தொண்ணூறுக்குள். பஸ் கட்டணம் எல்லாம் சேர்த்து நூற்றைம்பது ரூபாய் வைத்துக்கொண்டால் போதும். நாமக்கல்லில் பழைய நிலையம், புதிய நிலையம் என்று இரண்டு உண்டு, எதில் இறக்கிவிடுவார்கள் என்று ஏறும்போதே கேட்டுவிடுங்கள், திருச்சியிலும் அப்படியே. கடைசி வாரத்தில் இரண்டு வீடுகளுக்கு மேல் வைத்துக்கொள்ளாதீர்கள், ஒவ்வொரு வீட்டிலும் ஒரு நாளைச் சும்மா விடுங்கள். பரிசு பெரிதாக வேண்டாம். நான் கொண்டுபோன வெள்ளைக் காப்பித் தூள் பொட்டலங்களுக்குக் கிடைத்த மரியாதை, விலை உயர்ந்த எதற்கும் கிடைத்திருக்காது. கிளம்பும் நாளை வீட்டாரிடம் முன்பே சொல்லுங்கள், அவர்களுக்குக் காலண்டர் பார்க்க நேரம் வேண்டும். அதைக் கேலி செய்ய வேண்டாம், சொல்வதைச் செய்யுங்கள். பாஸ்போர்ட்டை மட்டும் இடுப்பிலேயே வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளாததில் எனக்கு வருத்தமில்லை என்பது வேறு விஷயம்.

ராஜாமணியக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். கையில் மடிக்காத இரண்டு சேலைகள், கடைக்காரரிடம் சொல்லிவிட்டு அப்படியே அள்ளிக்கொண்டு வந்திருக்கிறார். இரண்டு பேரும் ஓரடி தள்ளி நின்றார்கள். நடுவில் நான், எண்ணெய்த் தலையோடு.

"அக்கா," என்றார் சரசக்கா. "அன்னிக்கு ராத்திரி நான் தூங்கலீங்க. நீங்க வந்து எறங்கினது, களத்துத் தண்ணியில நடந்து போனது, எல்லாம் கேட்டுக்கிட்டேதான் படுத்திருந்தேன். எந்திரிச்சு வரத் தைரியம் வரலை."

ராஜாமணியக்கா ஒரு சேலையை அவர் தோளில் போட்டார். "இந்த அரக்கு நல்லாருக்குதா, அந்த மாம்பழக் கலரா? பொண்ணு மாநிறம்."

அதற்குள் நாமக்கல் பஸ் வந்துவிட்டது. நடத்துநர் என் பையை வாங்கி உள்ளே தள்ளினார். இரண்டு பேரும் என் கையைப் பிடித்து, "போயிட்டு வா சாமி, கல்யாணத்துக்கு வந்துரு," என்றார்கள். நான் மேட்டூரிலிருந்தே மனதுக்குள் தயாரித்துக்கொண்டு வந்திருந்த பேச்சு ஒன்று இருந்தது, இரண்டு மாத அன்புக்கு நன்றி என்று தொடங்கும். அதற்கு யாருக்கும் நேரம் இல்லை. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன்.

பஸ் பின்னால் எடுத்துத் திரும்பியது. நான் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி ஆட்டினேன். "மாம்பழக் கலரு போட்டோவுல நிக்காதுங்கக்கா," என்று சரசக்கா சொல்வது கேட்டது. "உனக்கென்ன தெரியும்?" என்றது ராஜாமணியக்காவின் சத்தமான குரல். அவர் ஒரு முனையைப் பிடித்திருந்தார், சரசக்கா மறுமுனையை வெயிலுக்குத் தூக்கிப் பிடித்திருந்தார். பஸ் நிலையத்தை விட்டு வெளியே வரும்வரை கையை ஆட்டிக்கொண்டே இருந்தேன். இரண்டு பேரும் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.